ஒரு பேட்டரி, மூன்று சார்ஜர்: மோட்டார்ஹோம் மின்சாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ஓடும் 12 வோல்ட் மோட்டார்ஹோம்களுக்கானவை. ஃபியட் டுகாட்டோ, ஃபோர்ட் ட்ரான்ஸிட் போன்ற வேன்களின் மேல் கட்டப்பட்ட, உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டிகள் இவை. இஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி இருக்கும். விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி, ஃபோன் சார்ஜ் எல்லாவற்றுக்கும் தனியாக இன்னொன்று இருக்கும். முதலாவதை இஞ்சின் பேட்டரி என்றும் இரண்டாவதை வீட்டு பேட்டரி என்றும் சொல்லிக்கொள்வோம். வீட்டு பேட்டரிக்கு மூன்று வழியில் சார்ஜ் வரலாம்: ஓடும்போது ஆல்டர்நேட்டர் (இஞ்சின் சுழற்றும் மின்னாக்கி), வெயிலில் கூரைமேல் சோலார், கேம்ப் சைட்டில் ஹூக்அப் (அங்குள்ள மின்கம்பத்திலிருந்து கேபிள் வழியாக வரும் 230 வோல்ட்).

ஒரே பேட்டரியில் இரண்டு மூன்று சார்ஜர்களை ஒரே நேரத்தில் இணைத்து வைக்கலாமா?

வைக்கலாம். 14.4 வோல்ட் தரும் இரண்டு சார்ஜர்களைப் பக்கவாட்டில் (பேரலலாக) இணைத்தால் 28.8 வோல்ட் ஆகிவிடாது. வோல்ட் கூடாது, ஆம்பியர்தான் கூடும். மாடித் தொட்டிக்கு போர் மோட்டாரும் மாநகராட்சிக் குழாயும் சேர்ந்து தண்ணீர் ஏற்றுவதைப் போலத்தான்: தொட்டி வேகமாக நிறையும், நிறைந்த மட்டத்தில் மிதவை இரண்டையும் மூடும். இங்கே மிதவையின் வேலையைச் செய்வது பேட்டரி முனையில் உள்ள வோல்ட். ஒவ்வொரு சார்ஜரும் அதைப் பார்த்துத் தன் கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சார்ஜர்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் பேட்டரியாக மட்டுமே இருக்க வேண்டும் (அல்லது பேட்டரிக்கு அருகில் உள்ள பஸ்பார், அதாவது பல ஒயர்களைச் சேர்க்கும் உலோகப் பட்டை). அதற்கு முன்னால் எங்காவது இரண்டு மூலங்களை ஒட்டினால் வில்லங்கம் தொடங்கும். ஒரே சோலார் பேனலை இரண்டு கன்ட்ரோலர்களுக்கு (பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டிகளுக்கு) பிரித்துக் கொடுத்தால் இரண்டும் ஒன்றின் கணக்கை ஒன்று கெடுத்துக்கொண்டு திணறும். ஹூக்அப் மின்சாரமும் இன்வெர்ட்டர் மின்சாரமும் ஒரே 230 வோல்ட் ஒயரில், மாற்று சுவிட்ச் இல்லாமல் சந்தித்தால் இன்வெர்ட்டர் எரியும். அது மட்டுமல்ல, கழற்றிய பிளக்கின் உலோக முனையில் 230 வோல்ட் நிற்கும், தொட்டவர் உயிர் போகலாம்.

எல்லா சார்ஜர்களுக்கும் ஒரே செட்டிங் வேண்டுமா?

பேட்டரி ஒன்றுதானே, ஆகவே இலக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் பொதுவான அளவுகள் இவை:

திறந்த வகை லெட்-ஆசிட்: முழுச் சார்ஜ் 14.4 வோல்ட், பிறகு நிலை சார்ஜ் (நிரம்பியதை அப்படியே வைத்திருப்பது) 13.5 அளவில்.
ஏ.ஜி.எம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்த லெட் வகை): 14.4 முதல் 14.7, நிலை 13.6 அளவில்.
ஜெல்: 14.2 முதல் 14.4, நிலை 13.6 அளவில்.
லித்தியம் இரும்பு பாஸ்பேட்: 14.2 முதல் 14.4, நிலை 13.5 அல்லது அதற்குக் கீழே.

பேட்டரிமேல் ஒட்டியிருக்கும் தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அந்த எண்ணை ஹூக்அப் சார்ஜர், சோலார் கன்ட்ரோலர், ஆல்டர்நேட்டர் பக்கச் சார்ஜர் மூன்றிலும் வையுங்கள். நடைமுறையில் பெரும்பாலும் விட்டுப்போவது சோலார் கன்ட்ரோலர்தான். பெட்டியிலிருந்து எடுத்ததும் சில கன்ட்ரோலர்கள் திறந்த லெட்-ஆசிட் செட்டிங்கில் இருக்கும். மாதம் ஒரு தடவை தானாகவே வோல்ட்டை இலக்குக்கு மேல் தூக்கும் ‘ஈக்வலைஸ்’ (செல்களைச் சமப்படுத்தும்) ஓட்டமும் அதோடு சேர்ந்து வரலாம். தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் பேட்டரிக்கு அது மருந்து, ஜெல்லுக்கும் ஏ.ஜி.எம்-க்கும் லித்தியத்துக்கும் நஞ்சு. அதை முதலில் அணைத்துவிடுங்கள்.

வெப்பத் திருத்தம் லெட் வகைகளுக்கு மட்டும் வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 24 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொண்டால், 5 டிகிரிக் குளிரில் இலக்கு கிட்டத்தட்ட அரை வோல்ட் ஏறும். 40 டிகிரியில் 0.36 வோல்ட் இறங்கும். சென்சார் உள்ள சார்ஜர் என்றால் அதைப் பேட்டரி முனையில் பொருத்துங்கள், சார்ஜர் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். லித்தியத்துக்கு இந்தத் திருத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

மொத்த ஆம்பியர் எவ்வளவு வரை போகலாம்?

ஜெல்லுக்குக் கொள்ளளவில் 20 சதவீதம், ஏ.ஜி.எம்-க்கு 30 சதவீதம், லித்தியத்துக்குப் பொதுவாக 50 சதவீதம். அதாவது 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம் ஒன்றுக்கு 30 ஆம்பியர், அதே அளவு லித்தியத்துக்கு 50 ஆம்பியர்.

கூட்டும்போது ஒரே நேரத்தில் ஓடக்கூடியவற்றை மட்டும் கூட்டுங்கள். பல ஜெர்மன் வண்டிகளில் உள்ள ஷௌட் எலெக்ட்ரோபிளாக் இ.பி.எல் 99 என்ற மின்பெட்டியின் உள் சார்ஜர் 18 ஆம்பியர். அதோடு 200 வாட் சோலார் உச்சி வெயிலில் 14 ஆம்பியர் தரும். சேர்ந்தால் 32. நூறு ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம்-க்கு விளிம்பைச் சற்றே தாண்டும். வண்டி ஓடும்போது ஹூக்அப் இருக்காது, அதனால் 30 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் சார்ஜரோடு சோலாரை மட்டும் கூட்டினால் 44. ஒற்றை ஏ.ஜி.எம்-க்கு இது அதிகம். இந்த அளவு ஓடுவது பேட்டரி நன்றாக இறங்கியிருக்கும்போது மட்டும்தான், நிரம்ப நிரம்பத் தானே குறையும் என்பது உண்மை. ஆனாலும் பேட்டரி சூடாவதும் அந்தக் கட்டத்தில்தான். சார்ஜரில் உச்ச கரண்ட்டைக் குறைக்கும் செட்டிங் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் 20 ஆம்பியர் சார்ஜர் வாங்குங்கள், பணமும் மிச்சம்.

ஹூக்அப் போட்டதும் சோலார் 0 ஆம்பியர் காட்டுகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. ஹூக்அப் சார்ஜர் பேட்டரியை 14.4-க்குத் தூக்கிவிட்டது. சோலார் கன்ட்ரோலர் பார்த்தது நிரம்பிய பேட்டரியை, அதனால் ஒதுங்கிக்கொண்டது. இரண்டில் எதன் இலக்கு சற்று உயரமோ அதுவே கடைசிவரை நின்று வேலை செய்யும், மற்றது சும்மா இருக்கும். ஹூக்அப்பைக் கழற்றி, விளக்கையும் பம்பையும் போட்டுப் பாருங்கள். பகலில் சில நிமிடங்களில் சோலார் எழுந்துவிடும்.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு, அதைக் கவனிக்க வேண்டும். பேட்டரி பாதி இறங்கியிருக்கும்போதே ஒரு சார்ஜர் நிலை சார்ஜுக்குப் போய்விட்டால் காரணம் பெரும்பாலும் மெல்லிய ஒயர். கரண்ட் ஓடும்போது ஒயரிலேயே அரை வோல்ட் விழுந்தால், சார்ஜர் முனையில் 14.4 இருக்கும், பேட்டரி முனையில் 13.9-தான் இருக்கும். சார்ஜர் தன் முனையைப் பார்த்து ஏமாறுகிறது.

புதிய வேன்களில் ஓடும்போது சார்ஜ் ஏறுவதில்லையே, ஏன்?

பழைய ஏற்பாடு எளிமையானது. இஞ்சின் ஓடினால் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூடி இரண்டு பேட்டரிகளையும் ஒட்டிவிடும். ஆல்டர்நேட்டர் எப்போதும் 14.2 அளவில் தந்தவரை அது போதுமாக இருந்தது.

யூரோ 6 புகை விதிக்குப் பிறகு வந்த வேன்கள் பலவற்றில் ‘ஸ்மார்ட்’ ஆல்டர்நேட்டர் இருக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்த, இஞ்சின் பேட்டரி ஓரளவு நிரம்பியதும் வண்டியின் கணினி ஆல்டர்நேட்டரை 12.5 வோல்ட் அளவுக்கு இறக்கிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தாலோ பிரேக் போட்டாலோ வீணாகும் ஆற்றலைப் பிடிக்க 15 வோல்ட் வரை தூக்கும். 12.5 வோல்ட்டில் வீட்டு பேட்டரிக்கு ஒன்றும் ஏறாது. 15 வோல்ட் ஜெல்லுக்கும் லித்தியத்துக்கும் ஆகாது. இடையில் ரிலே மட்டும் இருந்தால் இரண்டு தொல்லையும் நேராக வந்து சேரும்.

இதற்குத் தீர்வு டி.சி–டி.சி சார்ஜர், பிரிட்டனில் பி-டு-பி (பேட்டரியிலிருந்து பேட்டரிக்கு) என்பார்கள். உள்ளே என்ன வோல்ட் வந்தாலும் வெளியே பேட்டரிக்கு வேண்டிய 14.4-ஐத் தயாரித்துத் தரும். விக்ட்ரான் ஓரியன், வோட்ரானிக், ஸ்டெர்லிங், ரெட்ஆர்க் எல்லாம் இந்த வகை தயாரிக்கிறார்கள். ஸ்மார்ட் ஆல்டர்நேட்டர் வண்டியில் அதை இஞ்சின் வோல்ட்டைப் பார்த்துத் தானே கிளம்பும்படி விடாதீர்கள்; 12.5-க்கு இறங்கும்போதெல்லாம் நின்று நின்று ஓடும். ஆல்டர்நேட்டரின் டி-பிளஸ் சிக்னலையோ இஞ்சின் ஓடும்போது மட்டும் வரும் வேறொரு சிக்னலையோ கொடுங்கள். சாவி திருப்பினாலே வரும் லைனைக் கொடுத்தால், இஞ்சின் அணைந்த வண்டியில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே இஞ்சின் பேட்டரி வீட்டுப் பக்கம் இறங்கிவிடும்.

பி-டு-பி போட்டும் பேட்டரி ஏறவில்லை, பெட்டி மட்டும் சுடுகிறது. என்ன கோளாறு?

பழைய ரிலேயை எடுத்தீர்களா என்று பாருங்கள். எலெக்ட்ரோபிளாக் போன்ற மின்பெட்டிகளுக்குள்ளேயே அந்த ரிலே இருக்கிறது, வெளியே தெரியாது. இஞ்சின் ஓடியதும் அது மூடி இரண்டு பேட்டரிகளையும் ஒட்டுகிறது. அப்போது பி-டு-பி வெளியே தள்ளும் கரண்ட் ரிலே வழியாகத் திரும்பித் தன் வாய்க்கே வருகிறது. 30 ஆம்பியர் வட்டமடிக்கும், பெட்டி சூடாகும், பேட்டரிக்குக் கொஞ்சமே சேரும். கடையில் பொருத்திய வண்டிகளிலும் இந்தத் தவறு இருக்கிறது.

டி-பிளஸ் ஒயரை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அதே சிக்னல்தான் மின்படியை உள்ளே இழுக்கிறது, கேஸ் ஃப்ரிட்ஜை ஓடும்போது 12 வோல்ட்டுக்கு மாற்றுகிறது. வெட்டினால் படி வெளியே நீட்டியபடியே சாலையில் போவீர்கள். சிக்னலை விட்டுவிட்டு, பேட்டரி சார்ஜ் ரிலேயின் மின்பாதையை மட்டும் துண்டிக்க வேண்டும். எந்த முனை என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். மின்பெட்டியின் வரைபடமும் பி-டு-பி மேனுவலும் சேர்ந்து கையில் இருந்தால்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும். அந்த ஃப்ரிட்ஜ் மட்டும் 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும் என்பதால், அதன் லைன் வீட்டு பேட்டரிப் பக்கம் மாட்டிக்கொள்ளாமல் இஞ்சின் பக்கமே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எந்தத் தடிமன் கேபிள், எவ்வளவு ஃப்யூஸ்?

கணக்கு எளிது: போக வர மொத்த நீளத்தை (மீட்டர்) 0.0175-ஆல் பெருக்கி, கேபிளின் சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் ஓம். அதை ஆம்பியரால் பெருக்கினால் இழக்கும் வோல்ட்.

இஞ்சினிலிருந்து வீட்டு பேட்டரி 6 மீட்டர் தூரம், போக வர 12 மீட்டர், 30 ஆம்பியர் என்றால்: 10 சதுர மி.மீ கேபிளில் 0.63 வோல்ட் போகும், 16-இல் 0.39 வோல்ட். இதனால்தான் பி-டு-பி பெட்டியை வீட்டு பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் வைக்கச் சொல்கிறோம். உள்ளே வரும் பக்கம் வோல்ட் விழுந்தால் பெட்டி சமாளித்துக்கொள்ளும். வெளியே போகும் பக்கம் விழுந்தால் பேட்டரி நிறையாது. ஒரு மீட்டர் தூரத்துக்கு 10 சதுர மி.மீ கேபிள் போட்டால் இழப்பு 0.1 வோல்ட்தான்.

ஃப்யூஸ் கேபிளைக் காப்பாற்றத்தான், சார்ஜரைக் காப்பாற்ற அல்ல. ஷார்ட் ஆனால் பெருங்கரண்ட் தருவது பேட்டரி, ஆகவே பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். பி-டு-பி கேபிளின் இரு கோடியிலும் பேட்டரி இருக்கிறது. இரு கோடியிலும் ஃப்யூஸ் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டு நிறுத்துவது நாங்கள் அதிகம் பார்க்கும் குறை. 30 ஆம்பியர் வெளியே தரும் பெட்டி, உள்ளே 35 முதல் 40 வரை இழுக்கும். 16 சதுர மி.மீ கேபிளோடு உள்பக்கம் 60, வெளிப்பக்கம் 40 ஆம்பியர் ஃப்யூஸ் பொருந்தும். 15 ஆம்பியர் சோலார் கன்ட்ரோலருக்கு 6 சதுர மி.மீ, 20 ஆம்பியர்.

லித்தியம் பேட்டரியின் முதன்மை ஃப்யூஸில் கஞ்சத்தனம் வேண்டாம். பல ஆயிரம் ஆம்பியர் ஷார்ட் கரண்ட்டில் மலிவு ஃப்யூஸ் உருகினாலும் உள்ளே தீப்பொறிப் பாலம் நின்று எரியும். 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கக்கூடிய ‘கிளாஸ் டி’ (Class T) வகையே இதற்குச் சரி. பிளேடு ஃப்யூஸ் ஹோல்டர்களைப் பற்றி ஒன்று: 30 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் மணிக்கணக்கில் 30 ஓடினால் பிளாஸ்டிக் உருகும். 20-க்கு மேல் போல்ட் போட்டு இறுக்கும் வகைக்குப் போய்விடுங்கள்.

நெகட்டிவை எங்கே கட்டுவது?

இஞ்சின் பக்கம்: ஸ்மார்ட் வண்டிகளில் பேட்டரி நெகட்டிவ் முனைமேல் ஒரு சிறிய சென்சார் இருக்கும். உங்கள் நெகட்டிவை அந்த முனையில் கட்டினால் கரண்ட் சென்சாரைத் தாண்டிப் போகும், வண்டியின் கணினிக்குக் கணக்குத் தப்பும். தயாரிப்பாளர் கொடுத்த சேஸிஸ் எர்த் போல்ட்டில் கட்டுங்கள்.

வீட்டுப் பக்கம்: ஷன்ட் (ஓடும் கரண்ட்டை அளக்க உதவும் சிறு தடை) வைத்த பேட்டரி மானிட்டர் இருந்தால், பேட்டரி நெகட்டிவில் ஷன்ட்டைத் தவிர வேறு ஒரு ஒயரும் இருக்கக்கூடாது. சோலாரின் நெகட்டிவ் மட்டும் நேரே பேட்டரிக்குப் போனால், மானிட்டர் செலவை மட்டும் எண்ணும், வரவை எண்ணாது. இரண்டு வாரத்தில் நிரம்பிய பேட்டரியை 30 சதவீதம் என்று காட்டும்.

சோலாரை இணைக்கும் வரிசை என்ன?

முதலில் கன்ட்ரோலரிலிருந்து பேட்டரி, பிறகுதான் பேனல். கழற்றும்போது முதலில் பேனல், கடைசியில் பேட்டரி. பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் இருந்தால் பல கன்ட்ரோலர்கள் 12-ஆ 24-ஆ என்று அறியாமல் தடுமாறும், சில எரிந்தும் போகும். பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் இரு துருவமும் துண்டிக்கும் டி.சி பிரேக்கர் ஒன்று போடுங்கள். வீட்டில் உள்ள ஏ.சி பிரேக்கர் இதற்கு உதவாது.

பேனல்களைத் தொடராக இணைத்தால் குளிர்கால வோல்ட்டைக் கணக்கிடுங்கள். சுமை இல்லாத வோல்ட் 22 என்றால் மூன்று தொடரில் 66. குளிர ஒரு டிகிரிக்குச் சுமார் 0.3 சதவீதம் ஏறும். மைனஸ் 10 டிகிரிக் காலையில் அது 73 ஆகும். 75 வோல்ட் கன்ட்ரோலருக்கு அது விளிம்பு. ஆல்ப்ஸ் மலையில் இன்னும் குளிர்ந்தால் தாண்டிவிடும். இரண்டு மட்டும் தொடரில் வையுங்கள், அல்லது 100 வோல்ட் கன்ட்ரோலர் வாங்குங்கள். ஏர்கண்டிஷனர் பெட்டி, ஆன்டெனா நிழல் விழும் கூரை என்றால் தொடர் வேண்டாம், பக்கவாட்டு இணைப்பே மேல்.

200 வாட் பேனல் இருந்தால் போதாதா, மற்ற மூலம் எதற்கு?

கோடையில் போதும். தென் இங்கிலாந்தில் ஜூன் மாதம் படுக்கை வாட்டில் வைத்த 200 வாட் பேனல் நாளொன்றுக்கு 55 முதல் 60 ஆம்பியர்-மணி தரும். டிசம்பரில் அதே பேனல் 5 அல்லது 6. ஹீட்டர் விசிறி ஓடும் மாதத்தில் அது காணாது.

லெட் பேட்டரி வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். 50-இலிருந்து 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். கடைசி 20 சதவீதம் மட்டும் நான்கு முதல் ஆறு மணி நேரம் எடுக்கும். அப்போது பேட்டரியே கரண்ட்டை மறுக்கிறது, 60 ஆம்பியர் சார்ஜர் வைத்தாலும் அவசரப்படாது. ஒரு மணி நேரம் ஓட்டி வந்துவிட்டால் நிரம்பிவிடும் என்பது பொய். எப்போதும் 80-இல் நின்றால் தகட்டில் சல்பேட் படிந்து, கொள்ளளவு வேகமாகக் குறையும். ஆகவே மூலங்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: கீழிருந்து தூக்க இஞ்சின், கடைசி வாலை நிரப்ப நாள் முழுதும் நிற்கும் சோலார். காலையில் ஓட்டுவது மாலையில் ஓட்டுவதைவிட நல்லது, மீதிப் பகல் சோலாருக்குக் கிடைக்கும். லித்தியத்துக்கு இந்தக் கவலை இல்லை. கிட்டத்தட்ட கடைசிவரை முழு வேகத்தில் வாங்கும், பாதியில் நின்றாலும் கெடாது.

ஹூக்அப்பில் கவனிக்க வேண்டியவை?

பிரிட்டன் சைட்களில் 10 அல்லது 16 ஆம்பியர், ஐரோப்பாவில் 6 ஆம்பியர் கம்பங்களும் சகஜம். 6 ஆம்பியர் என்றால் 1380 வாட். 30 ஆம்பியர் பேட்டரி சார்ஜர் இழுப்பது 500 வாட்டுக்குள்தான், அதாவது இரண்டு ஆம்பியர் சொச்சம். கம்பத்தை டிரிப் செய்வது சார்ஜர் அல்ல, அதோடு சேர்ந்து போடும் 2000 வாட் கெட்டில்.

25 மீட்டர், 2.5 சதுர மி.மீ கேபிளை முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். சுருளாக விட்டுவிட்டு ஹீட்டர் போட்டால் சுருளுக்குள் வெப்பம் சேர்ந்து உறை உருகும். முதலில் வண்டியில் சொருகி, பிறகு கம்பத்தில் சொருகுங்கள். கழற்றும்போது முதலில் கம்பம். ஆர்.சி.டி-யின் (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்சின்) டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு முறையும் அழுத்திப் பாருங்கள். ஐரோப்பியக் கண்டத்தில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கும் கம்பங்கள் உண்டு. ஒற்றைத் துருவ சுவிட்ச் உள்ள வண்டியில் அணைத்த பொருளிலும் மின்சாரம் நிற்கும். சோதிக்கும் பிளக் ஒன்று கையில் இருக்கட்டும்.

ஜெனரேட்டரின் 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து நேராகச் சார்ஜ் செய்யலாமா?

வேண்டாம். ஹோண்டா போன்ற சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் அது 8 ஆம்பியர் அளவுக்கு, கட்டுப்பாடில்லாமல் வரும். 230 வோல்ட் சாக்கெட்டிலிருந்து வண்டியின் ஹூக்அப் வழியாகச் சார்ஜரை ஓட்டுங்கள். ஒரு கிலோவாட் ஜெனரேட்டர் 30 ஆம்பியர் சார்ஜரைத் தாராளமாகத் தாங்கும். புகை ஜன்னல் பக்கம் வராத இடத்தில் வையுங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் உள்ளே இருக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் இருக்கிறது, சாக்கெட் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே கொடுத்தால்?

கொடுக்கலாம், ஆனால் பேட்டரி சார்ஜரை அந்தச் சுற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்டும், இன்வெர்ட்டர் சார்ஜரை ஓட்டும், சார்ஜர் அதே பேட்டரியை ஏற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தில் ஒரு பங்காவது வெப்பமாகப் போகும். ஹூக்அப்புக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் இரு துருவ மாற்று சுவிட்ச், அல்லது அது உள்ளேயே உள்ள இன்வெர்ட்டர்-சார்ஜர் வேண்டும். 230 வோல்ட் பக்கத்தைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

லித்தியத்துக்கு மாறினால் பழைய சார்ஜர்களை எல்லாம் தூக்கிப்போட வேண்டுமா?

ஹூக்அப் சார்ஜரில் ஜெல் செட்டிங் இருந்து, அது 14.2 முதல் 14.4-க்குள் நின்றால் பெரும்பாலும் ஓட்டலாம். சோலாரில் செட்டிங்கை மாற்றினால் போதும். கண்டிப்பாக மாற்ற வேண்டியது ரிலே. இறங்கிய லித்தியம் ஆல்டர்நேட்டர் தருவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். இஞ்சின் ஐடிலில், குளிர்விக்கும் காற்று குறைவாக இருக்கும்போது ஆல்டர்நேட்டர் வெந்துவிடும். வோல்ட்டைப் பார்த்துத் திறக்கும் ரிலே என்றால் இன்னொரு கேலிக்கூத்தும் உண்டு: சும்மா இருக்கும் லித்தியமே 13.3 வோல்ட். ரிலே 12.8-க்குக் கீழேதான் திறக்கும். இஞ்சினை அணைத்தாலும் இரண்டு பேட்டரிகளும் ஒட்டியே கிடக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. லித்தியத்தின் உள்ளே உள்ள பி.எம்.எஸ் (செல்களைக் காவல் காக்கும் மின்னணுப் பலகை) ஏதாவது செல்லின் வோல்ட் உயர்ந்தால் சட்டென்று துண்டித்துக்கொள்ளும். ஆல்டர்நேட்டர் முழு வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கும் நொடியில் அது நடந்தால் எழும் மின் எழுச்சி டயோடுகளையும் வண்டியின் மின்னணுவையும் கெடுக்கலாம். நடுவில் பி-டு-பி இருந்தால் ஆல்டர்நேட்டருக்கு எப்போதும் இஞ்சின் பேட்டரி துணை இருக்கும்.

பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது. உலோக லித்தியம் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். எடுக்கலாம், ஏற்றக்கூடாது. பனிக் காலையில் யாரும் தொடாமலே சோலார் கிளம்பிவிடும் என்பதால், குளிரில் துண்டிக்கும் பி.எம்.எஸ் உள்ள பேட்டரியையே வாங்குங்கள், அதை வெளிப்பெட்டியில் வைக்காமல் சீட்டுக்கு அடியில் வையுங்கள். லெட்டையும் லித்தியத்தையும் பக்கவாட்டில் ஒட்டி வைக்கும் யோசனை வேண்டாம்.

அழுகிய முட்டை நாற்றம் வருகிறது, பேட்டரி சுடுகிறது. என்ன செய்வது?

லெட் பேட்டரியில் ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கும். பேட்டரி 14.4-ஐ எட்டவே எட்டாது, சார்ஜர்கள் விடாமல் தள்ளும், அமிலம் கொதித்து ஹைட்ரஜன் சல்பைடு வரும். அது விஷம், கூடவே ஹைட்ரஜனும் வெளியேறும், அது வெடிக்கும்.

ஆட்களை வெளியே அனுப்பிக் கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். நெருப்பு வேண்டாம், உள்ளே சுவிட்ச் போடவும் வேண்டாம். கம்பத்தில் ஹூக்அப்பை உருவுங்கள், இஞ்சினை அணையுங்கள். பிறகு சோலார்: பலர் மறப்பது இதுதான். வண்டியின் ‘மாஸ்டர் ஆஃப்’ பட்டன் விளக்கையும் பம்பையும் மட்டும் அணைக்கும், சோலார் பல வண்டிகளில் நேரே பேட்டரிக்குப் போகிறது. பேனல் பிரேக்கரை இறக்குங்கள். பிரேக்கர் இல்லையென்றால் கூரையைப் போர்வையாலோ தார்ப்பாயாலோ மூடுங்கள். சூடு ஆறும்வரை பேட்டரி முனைகளைக் கழற்ற வேண்டாம், பொறி பறக்கும். ஆறிய பிறகு அந்தப் பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு பேட்டரி பக்கவாட்டில் இருந்தால் இரண்டையும் மாற்றுங்கள்.

திறந்த வகை லெட் பேட்டரியும் பல ஏ.ஜி.எம்-களும் காற்றுக் குழாயோடு வரும். அதை வண்டியின் தரை வழியாக வெளியே விட்டிருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள்.

மூன்று மாதம் வண்டி நிற்கப் போகிறது. எதை இணைத்து வைப்பது?

லெட் என்றால் முழுதாக ஏற்றி, வெளியில் நிற்கும் வண்டிக்கு சோலாரை அப்படியே விடுங்கள். கொட்டகைக்குள் என்றால் மாதம் ஒரு நாள் ஹூக்அப். லித்தியத்தை 50, 60 சதவீதத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் துண்டியுங்கள். நிரம்பிய நிலையில் மாதக்கணக்கில் வைப்பதுதான் அதற்குக் கெடுதல்.

மறந்துபோவது இஞ்சின் பேட்டரி. அலாரமும் டிராக்கரும் 50 மில்லிஆம்பியர் எடுத்தாலே நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, 95 ஆம்பியர்-மணி பேட்டரி 40 நாளில் பாதியாகும், குளிரில் அதுவே கிளம்பாமல் போகப் போதும். இரண்டாவது வாய் உள்ள சோலார் கன்ட்ரோலர் (வோட்ரானிக் டுவோ வகை அதற்கு 1 ஆம்பியர் வரை தரும்) அல்லது வீட்டு பேட்டரி உயர்ந்திருக்கும்போது மட்டும் இஞ்சின் பக்கம் சொட்டுச் சொட்டாக விடும் சிறிய பெட்டி போதும்.

எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று மல்டிமீட்டர் வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

இரவு ஏதும் ஓடாமல் விட்டு, விடியுமுன் வீட்டு பேட்டரி முனையில் அளங்கள். லெட்டில் 12.7 என்றால் நிரம்பியது, 12.2 என்றால் பாதி. லித்தியத்தில் வோல்ட்டை நம்ப வேண்டாம், 13.2-க்கும் 13.3-க்கும் நடுவில் பாதிக் கொள்ளளவு ஒளிந்திருக்கும், ஷன்ட் மானிட்டர்தான் வழி.

அடுத்து ஒவ்வொரு மூலத்தையும் தனித்தனியாகப் போடுங்கள், மற்ற இரண்டும் அணைந்திருக்க வேண்டும். ஹூக்அப் மட்டும் போட்டால் சில நிமிடங்களில் 13.5-ஐத் தாண்டி ஏற வேண்டும். சோலார் மட்டும், நண்பகலில்: அதேபோல. பேனலை அட்டையால் மறைத்தால் வோல்ட் மெதுவாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நீங்கள் அளப்பது சோலாரை அல்ல. இஞ்சின் மட்டும், 1500 சுற்றில்: இஞ்சின் பேட்டரியில் 12.5 காட்டினாலும் வீட்டு பேட்டரி ஏற வேண்டும், ஏறினால் பி-டு-பி நலம். எந்தச் சோதனையிலாவது வோல்ட் அசையாமல் நின்றால் முதலில் அந்த லைனின் ஃப்யூஸை, கண்ணால் பார்க்காமல், இரு பக்கமும் மீட்டர் வைத்து அளங்கள். பிறகு சார்ஜர் முனையிலும் பேட்டரி முனையிலும் கரண்ட் ஓடும்போதே அளந்து கழியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேபிளின் நடுவில் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டு அளந்து வாருங்கள். சூடாக இருக்கும் லக்கில்தான் (கேபிள் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) வழக்கமாகக் குற்றவாளி கிடைக்கும். அந்த லக்கை வெட்டி எறிந்து, ஹைட்ராலிக் கிரிம்ப்பரால் புதிது போடுங்கள். சுத்தியால் அடித்த லக் ஆறு மாதம் தாங்காது.